இடுப்பளவுத் தீ

தீ ஓவியர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்களோ இல்லையோ, அவர் உங்களைப் பார்த்திருப்பார். கண்காட்சி மண்டபத்தின் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன் படத்துக்கு எதிரே வந்ததும் உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்று வேவு பார்ப்பது இந்த இனத்தின் முதல் குணம். மற்ற ஓவியர்களெல்லாம் கடையில் வண்ணம் வாங்கித் தூரிகையால் தடவிப் பிழைத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஆளுயர பிளைவுட் பலகையை நிமிர்த்தி வைத்து, அதன் காலடியில் பெயிண்டில் கலக்கிற தின்னரைப் பூசி, கேஸ் டார்ச்சைக் காட்டி, எரியவிட்டு, அணைத்து, கரியைச் சுரண்டி, மிஞ்சியதன்மேல் பசை தெளித்து, சட்டம் போட்டு மாட்டுவார். அரூப ஓவியம் என்று அதற்குப் பெயர். அதாவது, அது எதைப் போலவும் இருக்கக் கூடாது. எதையாவது போல இருந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இருந்துவிடுகிறதே, என்ன செய்வது? ஒருநாள் குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர் கூடத்தில் தொங்கிய 'பெயரிடப்படாதது - 14' முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நம்மவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று; ஒரு நாற்காலியை எடுத்துப் போடலாமா என்றுகூட யோசித்தார். வந்தவர் திரும்பி, "சார், சுவத்துக்குள்ள லைன் லீக் ஆகுது. தண்ணி படம் வரைக்கும் ஏறிடுச்சு பாருங்க" என்றார். அது ஓர் எரிந்த பலகை, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று விளக்குவதற்கு அரைமணி நேரம் பிடித்தது. முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "அப்போ லீக் இல்லயா?" என்று கேட்டார்.

இந்த இனத்தைப் பேச்சை வைத்தும் அடையாளம் காணலாம். "நான் வரையறதில்லைங்க. நெருப்பு வரையுது. நான் பக்கத்துல நிக்கிறேன், அவ்வளவுதான்." இதைத் தொலைக்காட்சியில் சொல்லியிருக்கிறார், பள்ளி ஆண்டு விழாவில் சொல்லியிருக்கிறார், பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி 'என்ன தொழில்' என்று கேட்டபோது திறந்த வாயோடும் சொல்லியிருக்கிறார். நெருப்புதான் வரைகிறது என்றால் கீழே வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிற கையெழுத்து யாருடையது? அதைக் கேட்கக் கூடாது. படம் நன்றாக வந்தால் அது இருபது வருடப் பயிற்சி. பலகையில் ஓட்டை விழுந்தால் அது நெருப்பின் சித்தம். இந்த ஏற்பாட்டில் இருதரப்புக்கும் இதுவரை மனஸ்தாபம் வந்ததில்லை.

உடை என்று பார்த்தால் ஒரு கறுப்புச் சட்டை. அதில் பதினோரு ஓட்டைகள். பேட்டி என்றால் அதைத்தான் போட்டுக்கொள்வார், போட்டுக்கொண்டு, பேசும்போது தற்செயலாக ஓர் ஓட்டையை விரலால் நெருடுவார். பேட்டி எடுக்கிறவர் கண்கலங்கி, "இதெல்லாம் தீக்காயங்களா?" என்பார். இவர் மெல்லச் சிரித்து ஜன்னலைப் பார்ப்பார். உண்மை என்னவென்றால், அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. ஒருமுறை ஆய்வகத்துக்கு மேலங்கி எடுத்துப்போக மறந்து, காரில் கிடந்த கணவரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டார். பதினோரு ஓட்டைகளில் ஒன்பது அமிலம் பட்டு விழுந்தவை. மிச்சம் இரண்டு அந்துப்பூச்சி.

இனி வீட்டுக்குள் வாருங்கள். தீயோடு இருபது வருடம் குடித்தனம் நடத்தியவர் என்று கண்காட்சி அட்டையில் அச்சிட்டிருக்கிறதே, அவர் அடுப்பு பற்றவைக்கிற அழகைப் பார்க்க வேண்டும். முகத்தை வடக்கே திருப்பிக்கொண்டு, கையை மட்டும் தெற்கே நீட்டி, லைட்டரை மூன்று தடவை காற்றிலேயே அமுக்கிப் பார்த்துவிட்டு, நான்காவது தடவை அடுப்பருகே கொண்டுபோவார். வெளியூர் கிளம்பினால் சிலிண்டரை மூடினோமா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து காரைத் திருப்புவார். போன கோடையில் மூன்று முறை திருப்பினார். மூன்று முறையும் மூடித்தான் இருந்தது. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரியும்.

வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துகிற தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. காரைப் பத்து வருடமாகத் தெருவில்தான் நிறுத்துகிறார். கொட்டகையில் பலகைகள், டார்ச், நாலு வாளித் தண்ணீர், இரண்டு வாளி மணல், ஒரு தீயணைப்பு உருளை, அப்புறம் எப்போதும் நனைத்தே வைத்திருக்கும் ஒரு கோணி. பார்க்க வருகிறவர்கள் கோணியை ஒருநாளும் கவனித்ததில்லை. டார்ச்சை மட்டும் பயபக்தியோடு தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவருக்குப் புகழ் வந்தது ஒரு விமர்சகரால். நகரத்தில் அரூப ஓவியத்துக்கு அவர் ஒருவர்தான் விமர்சகர். ஆகவே முதன்மையானவரும் அவர்தான். நம்மவருடைய பலகைகள் எல்லாவற்றிலும் கீழே கரி, அதற்கு மேலே பழுப்பு, அதற்கு மேலே ஒன்றுமே இல்லாத வெறும் மரம். கரி முடிந்து மரம் தொடங்குகிற இடத்தில் மெல்லிய வலைப்பின்னல் போலச் சின்னச் சின்னக் கட்டங்கள். விமர்சகர் அந்த வெறும் மரத்துக்கு 'மௌனக்கரை' என்று பெயர் வைத்தார். கட்டங்களுக்கு 'நெருப்பின் கைரேகை' என்று பெயர் வைத்தார். 'ஆவேசத்தின் உச்சியில் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் தீ. இந்த அடக்கம் ஞானிகளுக்கே வாய்ப்பது' என்று எட்டுப் பக்கம் எழுதினார். முதல் தடவை அதைப் படித்தபோது நம்மவருக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் தடவை, இருக்கலாமோ என்று பட்டது. ஐந்தாம் தடவை படிக்கும்போது, தான் அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருந்தோம் என்று அவருக்கு நன்றாக ஞாபகம் வந்துவிட்டது.

இந்த நிலையில்தான் நகரத்துக் கலைக்கூடம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைக்க முன்வந்தது. இருபத்திரண்டு பலகைகள். தொடக்க நாள் மாலையில், முற்றத்தில், எல்லோர் முன்னாலும் ஓர் ஆறடிப் பலகையை அவர் எரித்துக் காட்ட வேண்டும். அதற்குத் தீயணைப்புத் துறையின் அனுமதி வேண்டும். அந்த வட்டாரத்துக்கு ஆய்வு அதிகாரி யார் என்றால், அவருடைய மைத்துனர், மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

மைத்துனர் பத்தொன்பது வருடமாக எல்லாக் கண்காட்சிக்கும் தவறாமல் வந்திருக்கிறார். வந்ததும் வெளியேறும் வழிகளை எண்ணுவார், சுவரிலிருக்கும் தீயணைப்பு உருளையின் தேதியைப் பார்ப்பார், இரண்டு பிஸ்கட் சாப்பிடுவார், "நல்லாருக்கு மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போவார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பாவம், கலை தெரியாதவர் என்று நம்மவரும் பெருந்தன்மையாக விட்டிருந்தார்.

ஆய்வுக்கு அவர் சீருடையில், எழுத்து அட்டையோடு வந்தார். கலைக்கூடத்தில் பலகைகளை மாட்டி முடித்திருந்த சமயம். விமர்சகரும் இருந்தார். நம்மவர் முற்றத்துக்குக் கூட்டிப்போகப் பார்த்தார்.

"இருங்க மாப்ள. அங்க எரிக்கப்போறது எப்படிப் போகும்னு எனக்குத் தெரியணும். இங்க எரிச்சதை மொதல்ல பாத்துடறேன்" என்றார் மைத்துனர்.

முதல் பலகை முன்னால் குந்தி உட்கார்ந்தார். தீவிபத்து நடந்த வீடுகளில் கரியைப் பார்த்து எங்கே பற்றியது, எப்படிப் பரவியது, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் இருபத்தேழு வருடமாக அவருக்கு வேலை. அது நம்மவருக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"டார்ச் இங்க வெச்சிருக்கீங்க. ரெண்டு தடவ. மொத தடவ வெச்சதும் கையை இழுத்துட்டீங்க."

"அது வந்து மச்சான், தீயோட ஒரு உரையாடல்..."

"இருக்கட்டும். காத்து இடது பக்கத்துலேருந்து வந்திருக்கு. கதவைத் தெறந்து வெச்சிருக்கீங்க. நல்ல பழக்கம்." எழுந்து அடுத்த பலகைக்குப் போனார். அடுத்ததற்கு. அடுத்ததற்கு. விமர்சகர் பின்னாலேயே போனார், மாணவன் மாதிரி. இருபத்திரண்டையும் பார்த்து முடித்து, மைத்துனர் இடுப்புப் பட்டையிலிருந்து அளவு நாடாவை எடுத்து நாலைந்து பலகைகளை அடி விளிம்பிலிருந்து கரி முடிகிற இடம்வரை அளந்தார்.

"எல்லாம் மூணு அடி. ஒண்ணு ரெண்டு அங்குலம் முன்னப்பின்ன. உங்க இடுப்புக்கு வந்ததும் அணைச்சிடறீங்க."

விமர்சகர் தொண்டையைக் கனைத்தார். "மன்னிக்கணும். அணைக்கலை. அது நிக்குது. அதான் மௌனக்கரை. அந்த விளிம்புல நெருப்போட கைரேகை தெரியுது பாருங்க."

மைத்துனர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். "இது கோணிங்க" என்றார். "ஈரக் கோணி. நெசவு அப்படியே பதிஞ்சிருக்கு. இடது பக்கத்துலேருந்து வீசியிருக்கார். கதவும் இடது பக்கம். அணையலைன்னா ஓடறதுக்குத் தோதா நின்னிருக்கார்."

நம்மவருக்கு அப்போது எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? இருபது வருடம் தனியறையில் வைத்து எழுதிய நாட்குறிப்பை யாரோ நடுக்கூடத்தில் உரக்கப் படித்ததுபோல இருந்தது. இதில் வேதனை என்னவென்றால், மைத்துனர் குத்திக்காட்டவே இல்லை. தோளில் கை வைத்து, மனதாரப் பாராட்டினார்.

"ரொம்பச் சரியாப் பண்ணியிருக்கீங்க மாப்ள. இதைத்தான் நாங்க ஊர் பூராச் சொல்லிக்கிட்டிருக்கோம். யாரும் கேக்கறதில்ல."

சான்றிதழ் மறுநாளே வந்தது. 'கலைஞரின் முந்தைய இருபத்திரண்டு படைப்புகளை ஆய்ந்ததில், தீ இடுப்பு உயரத்தைத் தாண்ட வாய்ப்பில்லை. இவரால் பொதுமக்களுக்கு எந்த அபாயமும் இல்லை.' விதிப்படி அதைப் பார்வையாளர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டுமாம். கலைக்கூடத்தார் சட்டம் போட்டு நுழைவாயிலிலேயே மாட்டிவிட்டார்கள். எந்தக் கலைஞனுக்காவது இப்படி ஒரு வரி கிடைத்திருக்கிறதா? எத்தனை பேர் சிறைக்குப் போனார்கள், எத்தனை பேர் நாடு கடத்தப்பட்டார்கள். இவருக்கு மட்டும் அரசாங்க முத்திரையோடு, அபாயமற்றவர்.

அன்று மாலை அடுக்களையில் மனைவி தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நம்மவர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"என்னது?"

"நான் பயந்துதான் அணைக்கிறேன்னு."

மனைவி பேனாவை மூடினார். "கோணியை நான்தாங்க துவைக்கிறேன்" என்றார். தாளை ஒதுக்கி வைத்து, "பயப்படறது தப்பில்ல. நான் லேப்ல தினமும் பயப்படறேன். அதுக்கு மௌனம்னு பேர் வெக்கலை, அவ்வளவுதான்" என்றார்.

நம்மவருக்கு வயது ஐம்பத்திரண்டு. தீ தன் இடுப்பைத் தாண்டிப் போவதை அவர் ஒரே ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மேலே அந்த வெறும் மரத்தில் அது என்ன வரைந்திருக்கும்? இருபத்திரண்டு பலகையிலும் பாதிப் படம் வராமலே போயிருக்கிறது. அதைத் தடுத்தவர் பக்கத்தில் நின்றவர். அந்த எண்ணம் வந்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நிஜ அழுகை, ஜன்னலைப் பார்க்காத அழுகை. தொடக்க நாளன்று கோணியைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தார். ஒரே ஒரு பலகை, அடியிலிருந்து நுனிவரை, நெருப்பு நினைத்தபடி. அது போதும்.

"கோணியைக் கார் டிக்கியில போட்டுப் பூட்டிடு. சாவி உங்கிட்டயே இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காதே."

"நெஜமாத்தான் சொல்றீங்களா?"

"நெஜமா."

தொடக்க நாள் மாலை. முற்றத்தில் நூறு பேர். நடுவில் ஆறடிப் பலகை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். நம்மவர் கறுப்புச் சட்டையில், பதினோரு ஓட்டைகளோடு. பத்தடி தள்ளி மைத்துனர், கையில் உருளை, விரல் அதன் பாதுகாப்பு ஊசியில். நம்மவர் வழக்கமான வசனத்தைச் சொல்லவில்லை. டார்ச்சை வைத்தார். ஒரே தடவை, கையை இழுக்காமல். மைத்துனர் தலையாட்டினார்.

தீ ஏறியது. முழங்கால்வரை அது அவருடைய செல்லப் பிள்ளை. வாடி வா என்று மனதுக்குள் கொஞ்சினார். தொடைக்கு வந்தபோது கொஞ்சுவதை நிறுத்தினார். இடுப்புக்கு வந்தது. வலது கை தானாகப் பின்னால் போய்த் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. தாண்டியது. இடுப்பைத் தாண்டி அரைச் சாண் ஏறியது. இதுவரை எவரும் பார்த்திராத இடத்தில், மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றாகப் பொன்னிறமாகி, ஒன்றையொன்று தொட்டு, ஏதோ தொடங்கியது. அவர் பார்த்தார். அழகாக இருந்தது. பொய்யில்லை, வாழ்நாளில் அவர் பார்த்ததிலேயே அழகான ஓரங்குலம் அது.

உடனே மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "சாவி."

மனைவி இரண்டு கையாலும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "கேட்டாலும் குடுக்காதேன்னீங்க."

"இப்போ கேக்கறேன்ல!"

மனைவி கொடுக்கவில்லை. நம்மவர் சட்டையைக் கழற்றினார். கழற்றினார் என்றா சொன்னேன், பிய்த்தார். வாளியில் முக்கினார். பலகையின் இடது பக்கத்திலிருந்து ஓங்கி ஓர் அறை. இன்னோர் அறை. புகை. பனியனோடு, தலையில் கரித்தூளோடு, நகரத்தின் முக்கியப் பிரமுகர்கள் நூறு பேர் முன்னால், நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றார்.

கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

விமர்சகர் ஓடோடி வந்து பலகையில் மூக்கை வைத்தார். மௌனக்கரை நாலு அங்குலம் உயர்ந்திருந்தது. அதன் விளிம்பில், கோணியின் கட்டங்களுக்குப் பதில், தெளிவாக ஒரு வட்டம், நடுவில் நாலு புள்ளிகள். "வடிவம்! இருபது வருஷத்துல முதல் வடிவம்!"

"அது பட்டன்" என்றார் நம்மவர்.

விமர்சகர் அதைக் குறித்துக்கொண்டார். "இதுக்குப் பேரு? இதுவும் எண்தானா?"

நம்மவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். "பயம்" என்றார்.

விமர்சகர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது ஈரமாக இருந்தது. "இப்படி ஒரு பேரு வைக்க எவ்வளவு துணிச்சல் வேணும்" என்றார்.

ஆக, அந்த வழியும் அடைபட்டது. கூட்டம் பிஸ்கட் பக்கம் நகர்ந்ததும் மைத்துனர் வந்தார். உருளையின் ஊசி இழுபடாமலே இருந்தது. தன் மேலங்கியைக் கழற்றி நம்மவர் தோளில் போட்டார்.

"காகிதத்துல இடுப்புன்னுதான் எழுதணும் மாப்ள. ஆனா நான் ஆறடிக்கும் ஏற்பாடு பண்ணித்தான் வெச்சிருந்தேன். செவுத்துக்கு அந்தப் பக்கம் நாலு பேர் குழாயோட நின்னாங்க. இன்னிக்கு விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்." பலகையை ஒருமுறை பார்த்தார். "நான் பக்கத்துலயேதானே நின்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். பிஸ்கட் எடுக்கப் போய்விட்டார்.

இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்காமல் இருந்ததற்கு நன்றி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், இதை எழுதும்போது நான் போட்டிருக்கிற சட்டையில் மேலிருந்து மூன்றாவது பட்டன் உருகிக் கோணியிருக்கிறது. முதல் வரியிலிருந்து 'அவர்', 'நம்மவர்' என்று எட்ட நிறுத்தி, சூடு என்மேல் படாதபடி பார்த்துக்கொண்டேன் அல்லவா? அதுவும் ஈரக் கோணிதான். பழக்கம் எளிதில் போவதில்லை.

நீங்கள் சிரித்தீர்கள், சந்தோஷம். உங்களுக்கு நெருப்போடு சம்பந்தமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதிவரை எழுதி நிறுத்திய அந்த ராஜினாமாக் கடிதம் இருக்கிறதே, அதை நிதானம் என்கிறீர்கள். அண்ணனிடம் கேட்க வாயெடுத்து விழுங்கிய கேள்வி இருக்கிறதே, அதைக் கண்ணியம் என்கிறீர்கள். இருபது வருடம் முன்னால் ஒருவரிடம் சொல்லாமலே விட்டது, அதற்கு இன்னும் அழகான பேர் வைத்திருப்பீர்கள். நான் எதுவும் சொல்லவில்லை. கையைக் கொஞ்சம் பின்னால் விட்டுத் துழாவிப் பாருங்கள். ஈரமாக ஏதாவது தட்டுப்பட்டால், அது எவ்வளவு நாளாக அங்கே நனைந்து கிடக்கிறது என்று உங்கள் வீட்டில் துவைக்கிறவர்களைக் கேளுங்கள்.